கதவுக்கு வெளியே நின்று கேட்ட கேள்விகள்

1

என் பேத்திக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓராண்டு நிறைகிறது. மண்டபம் இல்லை, நாகஸ்வரம் இல்லை. நூலகத்தை ஒட்டிய சமூகக் கூடம் ஒன்றை மாலை நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். விழா முடிந்ததும் நாற்காலிகளை நாங்களே அடுக்கி, தரையைத் துடைத்து, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. கையெழுத்திட்டவன் நான்.

இதற்கிடையில், எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று திருவண்ணாமலையிலிருந்து கேட்டார்கள். வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன், நியூசிலாந்தின் சாலை ஒழுங்கையும் நூலகங்களையும் பற்றி எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு பக்கம் சென்றதும், இதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாமே என்று நிறுத்திவிட்டேன்.

இந்த ஓராண்டில் எனக்கு இங்கே நேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அது பிரசவத்தில் பெண்ணுக்கு உண்டாகும் காயம் பற்றியது. வயிற்றில் இடும் கீறலைச் சொல்லவில்லை. குழந்தை வெளிவரும் வாய்க்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட சிறு பகுதியில் சதை கிழிவதையும், தாறுமாறாகக் கிழியாதிருக்க மருத்துவர்களே கத்தரிப்பதையும், பிறகு தைப்பதையும் சொல்கிறேன். என் வயதுள்ள ஓர் ஆண் எழுதக்கூடிய பொருளா இது என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

2

என் மனைவி சாரதா இறந்த பிறகு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய வீட்டில் தனியாக இருந்த என்னை ஒரே மகள் அபிதா இங்கே வரவழைத்துக்கொண்டாள். வரவழைத்தாள் என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். அதற்குள் காவல்துறைச் சான்று, மார்பு எக்ஸ்ரே, திருமணச் சான்று, சாரதாவின் இறப்புச் சான்று, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் தகுதியானவர்தானா என்பதற்கு இன்னொரு சான்று என்று கலெக்டர் அலுவலகத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையே நான் நடந்த நடை அடங்கியிருக்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் தந்தையின் பெயரை நிரப்பினார்கள். அன்று முதல் இங்கே என்னைக் கூப்பிடும் எல்லோரும், இறந்துபோன என் தந்தையைத்தான் கூப்பிடுகிறார்கள்.

திருவண்ணாமலையில் சன்னதித் தெரு வரை நடந்தால் பத்து வணக்கமாவது வரும். பழக்கடையில், வங்கியில், பேருந்து நிலையத்தில் எங்கேயும் என் மாணவர்கள் இருந்தார்கள். இங்கே ஏரியைச் சுற்றி நடக்கிறேன். எதிரே வருகிறவர்கள் புன்னகைக்கிறார்கள், காற்று பலமாக இருக்கிறது என்கிறார்கள், கடந்து போகிறார்கள். மறுநாளும் காற்று பலமாகத்தான் இருக்கிறது.

அபிதா கருவுற்றபோது மருத்துவச்சியிடம் பதிவு செய்யத் தொலைபேசியில் பேசியவன் நான். நம் ஊர் ஆங்கிலத்தில், என் மகள் கேரியிங் என்று சொன்னேன். எதைத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டார். அபிதா ஒரு வாரம் சிரித்தாள். "ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் மானத்த வாங்கிட்டீங்கப்பா" என்றாள்.

3

வலி எடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை செந்தில் உடனிருந்தார். நான் வீட்டில் இருந்தேன். விடியும் நேரத்தில் அழைத்தார். "பொண்ணு மாமா. நார்மல்தான். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." குரல் நடுங்கியது. மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னால் எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் வரும். ஆணா, பெண்ணா? நார்மலா, சிசேரியனா? இரண்டாவது கேள்விக்கு நார்மல் என்று பதில் சொல்லிவிட்டால் கேட்டவருக்கு நிறைவு. மூன்றாவது கேள்வி என்று ஒன்று கிடையாது. அன்று முழுவதும் ஊருக்குத் தொலைபேசியில் சுகப்பிரசவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ நானே சாதித்ததுபோலக் குரலில் ஒரு மிடுக்கு இருந்திருக்க வேண்டும்.

நடந்தது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது. தலை இறங்காமல் நின்றுவிட்டதால் கத்தரித்து, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். கத்தரித்த இடம் அதோடு நிற்காமல் கிழிந்துகொண்டே போய், மலவாயைச் சுற்றியுள்ள தசையை எட்டிவிட்டது. அறுவை அரங்குக்குக் கொண்டுபோய் உள்ளிருந்து அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. வயிற்றைக் கீறவில்லை, ஆகவே நார்மல். மாமனாரிடம் அதற்குமேல் அவர் எதை, எப்படிச் சொல்வார்?

4

முதல் பிரசவம் தாய்வீட்டின் பொறுப்பு. தாய் இல்லாத வீட்டில் நான் இருந்தேன். மாப்பிள்ளைக்கு வேலை மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள பால்பொருள் தொழிற்சாலையில். விடுப்பு முடிந்ததும் அவர் வார இறுதிகளில்தான் வர முடிந்தது. அம்மா இல்லாத பெண், அதனால் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று ஊரில் ஒருவர் வாயிலும் வரக் கூடாது என்று நான் முடிவு செய்தேன்.

வழி சொன்னவள் சாரதாவின் தங்கை கோமதி. வேங்கிக்காலில் எங்களுக்கு அடுத்த தெரு. தன் இரண்டு மகள்களுக்கும் பிரசவம் பார்த்தவள். அவளுக்கு விடியும்போது எனக்கு மதியமாகிவிடும். தினமும் அந்த வேளையில் வீடியோவில் வருவாள். அடுப்பங்கரையில் தொலைபேசியை மிளகு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நான் சமைப்பேன்.

"கேளுங்க மாமா. பூண்டு, மொளகு, சுக்கு. கீரை வேணாம், பழம் வேணாம், அதெல்லாம் குளுமை. தண்ணி ரொம்பக் கம்மியா குடுங்க. தாகம்னா வெந்நி ஒரு வாய். ஜாஸ்தி குடிச்சா வயிறு தொங்கிடும், ஒடம்பு ஊதிடும். அப்பறம் சித்தி சொல்லலைன்னு எம் மேல பழிய போடாதீங்க."

பிரசவ லேகியமும் அனுப்பிவைத்தாள். அது சுங்கத்தில் சிக்கியது. அடையாளம் தெரியாத தாவரப் பொருள், தேன் கலந்திருக்கக்கூடும் என்று கடிதம் வந்தது. திப்பிலி என்றால் என்ன, அது எத்தனை நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது என்று தாவரவியல் பெயர்களோடு இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அழித்துவிட்டோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. "அழிச்சிட்டாங்களா? வெடிகுண்டுனு நெனச்சிட்டாங்களா?" என்று கோமதி கேட்டாள்.

மருத்துவமனையில் ஒரு தித்திப்பு மருந்துப் புட்டி கொடுத்திருந்தார்கள். மலம் இளக என்று அதில் எழுதியிருந்ததைக் கோமதிக்குப் படித்துக் காட்டினேன். அது பாலில் இறங்கிக் குழந்தைக்குப் பேதியாகிவிடும், எடுத்து உள்ளே வையுங்கள் என்றாள். எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டேன். அபிதா பார்த்துக்கொண்டிருந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் பத்துப் பேருக்கு மேலே இருப்பவள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுட்ட அப்பளமும் வறண்ட பூண்டுச் சோறும் தட்டில் வைத்ததை வைத்தபடி சாப்பிட்டாள்.

ஏன் மறுக்கவில்லை என்று பல வாரம் கழித்துக் கேட்டேன். "நீங்க அடுப்பு முன்னாடி நின்னு நான் பாத்ததே இல்லப்பா. நின்னு செஞ்சு குடுக்கறீங்க. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள்.

5

மருத்துவச்சியின் பெயர் ரூத். ஐம்பது வயதைக் கடந்தவர். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவார். அவர் வந்ததும் நான் பின்பக்கம் போய்த் துணிக்கொடி அருகே நின்றுகொள்வேன். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் ஆண்கள் நிற்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனக்குத் தோட்டத்தில் ஆர்வம் என்று ரூத் நினைத்துவிட்டார். போகும்போது எலுமிச்சை மரத்தைப் பற்றி ஏதாவது விசாரிப்பார். அவர் உள்ளே என்ன கேட்டார், என்ன அறிவுரை சொன்னார் என்பது எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அபிதா சொன்னதாகப் பிறகு அறிந்தேன். மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் அப்பா நிற்கும்போது அவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்?

குளியலறையில் குழாய் நெடுநேரம் ஓடினால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவேன். இல்லையென்றால் நடக்கப் போய்விடுவேன். அவள் நின்றுகொண்டே குழந்தைக்குப் பால் கொடுப்பதைக் கண்டு கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். கண்ணியம் என்று நான் அறிந்திருந்தது இதுதான்.

6

மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. குழந்தை அழுது ஓய்ந்து என் தோளில் உறங்கிவிட்டது. குளியலறையிலிருந்து அபிதா வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கையைத் தொட்டேன். கொதித்தது.

"உக்காரும்மா" என்றேன்.

"உக்கார முடியலப்பா."

ரூத்தை அழைக்கட்டுமா என்றேன். வியாழக்கிழமை வருவார், அப்போது சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சொல்லி முடிக்குமுன் மறுபடியும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

கோமதிக்கு அது பொழுது விடியாத நேரம். எடுக்கவில்லை. மாப்பிள்ளை வேலையில் இருக்கும்போது தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இந்த ஊரில் ரூத்தைத் தவிர நான் அழைக்கக்கூடியவர் எவரும் இல்லை. ரூத்தை அழைத்தேன்.

மகளிடம் கொடுங்கள் என்றார். கதவைத் தட்டினேன். உள்ளிருந்து, "வேணாம்பா, என்னால பேச முடியல" என்று அழுகுரல் வந்தது. அப்படியானால் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்க முடியாது என்றார் ரூத். ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னார்.

மேடையில் எனக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு இருந்ததில்லை. ஆனால் ஒரு தகப்பன் தன் மகளிடம் இவற்றைக் கேட்பதற்கான தமிழ் என்னிடம் இல்லை. இருந்தவை இரண்டு வகை. ஒன்று பாடப்புத்தகத்தில் வருவது, மற்றொன்று தெருச் சண்டையில் வருவது. குழந்தையை ஒரு தோளிலும் தொலைபேசியை மறு காதிலும் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன்.

"அபிதா, தையல் பிரிஞ்சிருக்கானு கேக்கறாங்க."

குழாய் நின்றது.

"ஆமாம்பா."

"வாடை வருதானு கேக்கறாங்க."

"வருது."

"வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு..." என்னால் முடிக்க இயலவில்லை.

"நாலு நாளாச்சுப்பா. இன்னிக்குத்தான் போனேன். அப்பத்தான் பிரிஞ்சுது."

ஒவ்வொரு விடையையும் ஆங்கிலத்தில் ரூத்திடம் சொன்னேன். புட்டியில் கொடுத்த மருந்தைக் குடிக்கிறாளா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று அவர் அடுத்துக் கேட்டார். இந்தக் கேள்வியை நான் கதவுக்குள் அனுப்பவில்லை. மருந்தை நிறுத்தியவன் நான், தண்ணீரைக் குறைத்தவனும் நான், எங்கள் வழக்கம் அது என்றேன்.

ரூத் கடிந்துகொள்ளவில்லை. சொன்னதற்கு நன்றி, மருத்துவமனைக்கு நான் தகவல் தருகிறேன், உடனே அழைத்து வாருங்கள், அதற்குமுன் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்றார்.

தண்ணீரோடு வந்து தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்து தம்ளரை வாங்கிக்கொண்டது. வெறும் தம்ளர் திரும்பி வந்தது.

"இன்னொண்ணு" என்றாள்.

7

வாடகைக் காரின் பின்னிருக்கையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வந்தாள். மருத்துவர் இளம்பெண். அவர் வந்ததும் வழக்கம்போல நான் எழுந்தேன். "இருங்கப்பா. அவங்க சொல்றத நீங்களும் கேளுங்க. சித்திகிட்ட நீங்கதானே சொல்லணும்" என்றாள் அபிதா. திரை இழுத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து, குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். பார்த்தேன். சீழ் பிடித்துப் புறத்தையல் பிரிந்துவிட்டது. உள்தசையின் தையல் தாங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் அதையும் உறுதி சொல்லியிருக்க முடியாது. பிரிந்ததை மறுபடி தைக்க மாட்டார்கள். அடியிலிருந்து தானாக நிறைந்து ஆற வேண்டும், அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். இறுகிய மலம்தான் இந்தத் தையலுக்கு முதல் எதிரி. தண்ணீர், கீரை, பழம் எல்லாம் வேண்டும். அந்த மருந்தால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. இதைப் படிக்கிற தகப்பன்மார்கள் இந்த ஒரு பத்தியையாவது வீட்டில் உரக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் கோமதி வீடியோவில் வந்தபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப நாங்கள்லாம் புள்ள பெத்துக்கலையா மாமா? அங்க இருக்கற டாக்டரம்மாதான் புதுசா கண்டுபுடிச்சாங்களா?"

"உன் மேல குறை சொல்லலை கோமதி. தையல் பிரிஞ்சிடுச்சு. அதான் சொல்றேன்."

அந்த வாக்கியத்தை அவளிடம் நான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே வியப்பாக இருந்தது. அவள் வீட்டுக் குக்கர் கூவி அடங்கியது. பிறகு முகத்தைத் திரையிலிருந்து விலக்கிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் பிரிஞ்சுது மாமா. பெரியவ பொறந்தப்ப. யார்கிட்ட போயி சொல்றது? அக்காதான் வந்து பாத்துச்சு. அக்காவுக்கும் அப்பிடித்தான், அபிதா பொறந்தப்ப. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போற ஆளு, அந்த வருஷம் பூரா வரலையே. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அப்போது திருவூடல் தெருவில் வாடகைக்கு இருந்தோம். குழந்தை சிறியது, கூட்டம் அதிகம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சாரதாவிடம் ஒரு காரணம் இருந்தது. காரணங்கள் நியாயமாகவே இருந்தன. நான் தனியாக மலையைச் சுற்றிவிட்டு வருவேன். கால் கழுவ வெந்நீர் தயாராக இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, ஒற்றுமையான குடும்பம் என்று தெருவில் பெயர்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" என்று கோமதியைக் கேட்டேன்.

"அத அக்காவைத்தான் கேட்டிருக்கணும் மாமா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை.

8

காயம் மூடப் பனிக்காலம் முழுவதும் ஆயிற்று. ரூத் வந்தால் நான் துணிக்கொடிப் பக்கம் போவதில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சு காதில் விழும் தொலைவில் அடுப்பங்கரையிலேயே இருந்துகொள்வேன். ஆறாம் வாரத்தோடு அவர் வருகையும் நின்றது. வீட்டுக்கு என்று யாரும் வராத நாட்கள் மறுபடி தொடங்கின. பேத்தியைப் பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே கற்ற கையசைப்பை எனக்குக் காட்டுகிறாள். தமிழில் நான் சொல்வதற்கு அவள் திரும்பிப் பார்ப்பது இந்நாட்களில் சற்றுக் குறைந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு மாலை நான் ரசம் கூட்டிக்கொண்டிருந்தபோது அபிதா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா, இன்னும் முழுசா சரியாகல" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். சொன்னாள். சில வேளைகளில் மலத்தை அடக்க முடிவதில்லை. அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது வாசலுக்கு அருகிலேயே இடம் பார்த்து உட்காருகிறாள். பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்கள், செய்கிறாள். பலன் தெரியாவிட்டால் இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இன்னொரு குழந்தையை நினைத்தால் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரியாததை இரண்டு இடங்களில் கேட்டேன். விடை சொன்னாள். பிறகு குழந்தையை அழைத்துவரக் காப்பகத்துக்குப் போய்விட்டாள்.

கேட்டதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாரதா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. திருவண்ணாமலையில் எனக்கு நண்பர்கள் உண்டு. இதைச் சொன்னால் அவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே ஏரிக்கரையில் வருகிறவர்களிடம் காற்றைப் பற்றிச் சொல்லலாம். இருட்டிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு இதை எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதியபோது, என் நண்பர் ஒருவரின் மகள் என்று எழுதியிருந்தேன். ஊரில் பலரும் படிக்கிற மலர், குடும்பத்தின் பெயர் என்று ஒன்று இருக்கிறது. அனுப்புவதற்குமுன் அபிதாவிடம் கொடுத்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே படித்தாள். பக்கம் திரும்ப நேரம் பிடித்தது.

"உங்களுக்கு இங்க ஏதுப்பா ஃப்ரெண்டு?" என்றாள்.

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுத் தாள்களை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான்தான்னே எழுதுங்க."

அந்த வரியை அடித்துவிட்டு, என் மகள் என்று எழுதினேன்.